வெட்டு எங்கே விழ வேண்டும்? படத்தொகுப்பின் முதல் பாடம் குறித்து ஒரு மறுபரிசீலனை

1. கேள்வி

படத்தொகுப்பு கற்க வரும் ஒருவருக்குத் தொடக்கத்தில் என்ன சொல்லித் தருகிறோம்? முதலில் மென்பொருளின் பொத்தான்கள், அடுத்து விதிகள். பேசும் இருவருக்கு இடையிலான கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டக் கூடாது. இதுவே 180 பாகை விதி. ஒரே ஆளை அடுத்தடுத்த ஷாட்டுகளில் காட்டினால் கோணம் 30 பாகையாவது மாற வேண்டும். அசைவின் நடுவில் வெட்ட வேண்டும். முதல் ஷாட்டில் வலக்கையில் இருந்த டம்ளர் அடுத்த ஷாட்டிலும் வலக்கையில்தான் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் சேர்த்து 'கண்டினியூட்டி' என்று நம் எடிட்டிங் அறைகளில் சொல்கிறோம்.

இவை பயனற்ற விதிகள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இவற்றை முதல் பாடமாக வைக்கும்போது மாணவர் மனத்தில் ஓர் எண்ணம் ஊன்றிவிடுகிறது: பிழை தெரியாமல் ஒட்டுவதே நல்ல படத்தொகுப்பு. இந்த எண்ணம் சரியா? தொடர்ச்சி விதிகள் படத்தொகுப்பின் அடித்தளமா, அல்லது அதைவிட ஆழமான ஒன்றிலிருந்து கிளைத்தவையா? திரைப்பட வரலாறு, பார்வையாளர்களிடம் நடத்தப்பட்ட சோதனைகள், தொகுப்பாளர்களின் அனுபவ நூல்கள் ஆகிய மூன்றையும் வைத்து இக்கட்டுரை இந்தக் கேள்வியைப் பரிசீலிக்கிறது. பார்வையாளரின் கவனம் எந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பதை அறிவதே இந்தக் கலையின் அடித்தளம் என்பதும், விதிகள் அதற்குக் கட்டுப்பட்டவை என்பதும் இங்கு முன்வைக்கப்படும் நிலைப்பாடு.

2. வரலாறு: இருமுறை நடந்த ஒரு மீட்பு

தொடர்ச்சி என்பது சினிமாவுடன் கூடவே பிறந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். 1903இல் வெளியான 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்' என்ற குறும்படத்தின் கதை இந்த எண்ணத்தை அசைக்கிறது. எடிசன் நிறுவனத்துக்காக எட்வின் எஸ். போர்ட்டர் எடுத்த இப்படத்தின் உச்சக்காட்சியில், தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணையும் குழந்தையையும் தீயணைப்பு வீரர் மீட்கிறார்.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்த பிரதியில் அறைக்குள் ஒரு ஷாட், வெளியே ஒரு ஷாட் என்று மாறி மாறி வெட்டப்பட்டிருந்தது. இதைப் பார்த்த பலர், இணை நிகழ்வுகளைப் பின்னும் உத்தியைப் போர்ட்டரே தொடங்கிவைத்தார் என்று எழுதினார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் காப்புரிமைப் பதிவுக்காகத் தரப்பட்டிருந்த காகிதப் பிரதியோ வேறு விதமாக இருந்தது. அதில் மீட்பு முழுவதும் முதலில் அறைக்குள்ளிருந்து காட்டப்படுகிறது. பெண் மயங்கி விழுகிறாள், வீரர் வந்து தூக்கிச் செல்கிறார், திரும்பி வந்து குழந்தையை எடுத்துப் போகிறார். அது முடிந்ததும் அதே மீட்பு, தொடக்கம் முதல் கடைசி வரை, வீதியிலிருந்து மறுபடி காட்டப்படுகிறது. காகிதப் பிரதியே மூல வடிவம் என்றும், மாறி மாறி வெட்டப்பட்ட பிரதி பின்னாளில் யாரோ திருத்தியது என்றும் சார்ல்ஸ் மஸ்ஸர், ஆந்த்ரே கோத்ரோ போன்ற ஆய்வாளர்கள் நிறுவினர்.

போர்ட்டருக்குத் திறமை போதவில்லை என்று இதைப் படிப்பது எளிது. ஆனால் காலம் பின்னோக்கிப் போவது அன்றைய பார்வையாளருக்கு ஏற்கத்தக்க கதைமுறையாக இருந்தது என்று கொள்வதே பொருத்தம். ஓரிடத்தில் நடப்பதை முழுக்கப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். 1909இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'த லோன்லி வில்லா'வில் நிலைமை மாறிவிடுகிறது. கதவை உடைக்கும் திருடர்கள், உள்ளே நடுங்கும் குடும்பம், வீட்டுக்கு விரையும் தந்தை ஆகிய மூன்றுக்கும் இடையே படம் தாவுகிறது. இந்த ஆறு ஆண்டுகளில் மாறியதை உற்றுப் பார்த்தால், முதலில் மாறியது பார்வையாளரிடம் எழுப்பப்படும் கேள்வி என்பது தெரியும். போர்ட்டரின் படம் 'இங்கே என்ன நடந்தது?' என்று கேட்கவைத்தது. கிரிஃபித்தின் படம் 'நேரத்துக்கு வந்து சேர்வாரா?' என்று கேட்கவைத்தது. இந்த இரண்டாவது கேள்வி பிறந்த பிறகே மாறி மாறி வெட்டுவதற்கு அவசியம் வந்தது.

3. குலெஷோவ்: புகழும் சான்றும்

படத்தொகுப்பு வகுப்புகளில் அதிகம் சொல்லப்படும் சோதனை லெவ் குலெஷோவுடையது. நடிகர் இவான் மொஸ்ஜுகினின் உணர்ச்சியற்ற முகம், அதையடுத்து ஒரு கிண்ணம் சூப். அதே முகம், அதையடுத்துச் சவப்பெட்டியில் ஒரு பெண். மறுபடி அதே முகம், அதையடுத்து விளையாடும் சிறுமி. பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் கனிவையும் கண்டு நடிகரைப் பாராட்டினார்கள் என்பது கதை.

இந்தச் சோதனையின் படச்சுருள் இன்று நம்மிடம் இல்லை. நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் அவருடைய மாணவர் புதோவ்கின் எழுதியதிலிருந்து வந்தது; குலெஷோவ் பின்னாளில் நினைவுகூர்ந்த விவரங்கள் அதனுடன் முழுக்க ஒத்துப்போவதில்லை. 1992இல் ஸ்டீபன் பிரின்ஸ், வெய்ன் ஹென்ஸ்லி இருவரும் சோதனையை மறுபடி நடத்தியபோது எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. 2016இல் டேனியல் பேரட்டும் அவருடைய குழுவினரும், பார்க்கும் முகம், பார்க்கப்படும் பொருள், மீண்டும் முகம் என்ற வரிசையில் அமைத்துச் சோதித்தபோது ஓரளவு விளைவு தெரிந்தது.

இந்த முரண்பாட்டைக் கொண்டு குலெஷோவை ஒதுக்கிவிடுவதும் சரியில்லை. சந்தேகமே இல்லாத உண்மையாக ஓதுவதும் சரியில்லை. இரண்டு ஷாட்டுகளை அருகருகே வைப்பதாலேயே பொருள் பிறந்துவிடாது என்பதே இதிலிருந்து கிடைக்கும் நியாயமான முடிவு. 'இவர் அதைத்தான் பார்க்கிறார்' என்று பார்வையாளர் முதலில் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைக் கண்ணின் திசை, ஷாட்டின் நீளம், ஒலி, கதைச்சூழல் எல்லாம் கூடி உண்டாக்குகின்றன. அந்த இணைப்பு விழுந்த பிறகே முகத்தில் பசியோ துயரமோ தெரியும். ஆகவே தொடக்க மாணவருக்குக் குலெஷோவ் சொல்லித்தரும் பாடம், ஒட்டும் வேலையின் வல்லமை என்பதைக் காட்டிலும், பார்வையை வழிநடத்தும் வேலையின் அவசியம் என்று சொல்வதே பொருந்தும்.

4. கண் எதைத் தவறவிடுகிறது?

உளவியலாளர்கள் டேனியல் லெவினும் டேனியல் சைமன்ஸும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, கண்டினியூட்டி குறித்த நம் அச்சங்களை நேரடியாகத் தொடுகிறது. அவர்கள் எடுத்த ஒரு காட்சியில் இரு பெண்கள் உணவகத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டுக்கு வெட்டு, கழுத்துத் துணி மறைகிறது, தட்டின் நிறம் மாறுகிறது. முதல் முறை பார்த்தவர்களில் பெரும்பாலோர் எதையும் கவனிக்கவில்லை. இன்னொரு சிறு படத்தில் மேசையருகே இருந்த ஒருவர் தொலைபேசி மணி கேட்டு எழுகிறார்; வெட்டுக்குப் பின் தொலைபேசியை எடுப்பவர் முற்றிலும் வேறொரு நடிகர். பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆள் மாறியதையே சொல்லவில்லை.

2008இல் டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் இருவரும் வேறு வழியில் சென்றார்கள். படம் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வெட்டின்போதும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெட்டைத் தேடுவதே வேலையாக இருந்தும், அசைவின் நடுவே விழுந்த வெட்டுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தப்பிப்போயின. அசையும் உருவத்தைக் கண் பின்தொடரும்போது ஷாட் மாறுவதே பதிவாவதில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு தெளிவு பிறக்கிறது. 'அசைவின் நடுவில் வெட்டு' என்ற விதி பலிப்பதற்குக் காரணம், கவனம் அப்போது அசைவைப் பிடித்துக்கொண்டிருப்பது. தட்டின் நிறம் மாறியது தெரியாமல் போனதற்குக் காரணம், கவனம் பேச்சிலும் முகத்திலும் இருந்தது. விதி காக்கப்பட்டாலும் மீறப்பட்டாலும் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே.

யசுஜிரோ ஓசுவின் படங்கள் இதற்கு வலுவான சான்று. 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) அவர் 180 பாகைக் கோட்டைத் தயக்கமின்றித் தாண்டுகிறார். எதிரெதிரே அமர்ந்து பேசும் இருவர் திரையில் ஒரே பக்கம் பார்ப்பதுபோலத் தோன்றுவார்கள். பாடநூல் படி இது குழப்ப வேண்டும். ஆனால் ஓசு அடுத்தடுத்த ஷாட்டுகளில் இருவரையும் திரையின் ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே அளவில் அமர்த்துகிறார். முகத்தைத் தேடிக் கண் அலைய வேண்டியதே இல்லை. ஒரு விதியைக் கைவிட்டவர், அந்த விதி எதற்காக ஏற்பட்டதோ அதை வேறு வழியில் நிறைவேற்றிக் காட்டினார்.

கொதாரின் 'ப்ரெத்லெஸ்' (1960) இன்னொரு வழி. படம் நீளமாகிவிட்டதால் காட்சிகளின் உள்ளிருந்தே துண்டுகளை நீக்க நேர்ந்தது என்பது கொதாரே சொன்ன விளக்கம். காரில் ஜீன் சீபெர்க்கின் பின்தலையைக் காட்டும் பகுதியில் பின்னணித் தெருக்கள் வெட்டுக்கு வெட்டுத் தாவுகின்றன. ஆனால் திரைக்கு வெளியிலிருந்து வரும் பெல்மோண்டோவின் பேச்சு நம்மை இழுத்துச் செல்கிறது. படம் உடைந்த இடத்தில் ஒலி கைகொடுத்திருக்கிறது. இப்படித் தாவும் ஜம்ப் கட்டைப் பின்பற்ற விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியைப் பார்ப்பதில்லை.

5. வால்டர் மர்ச்சின் வரிசை

தொகுப்பாளர்களே எழுதிய நூல்களில் மிகுதியும் படிக்கப்படுவது வால்டர் மர்ச்சின் 'இன் த பிளிங்க் ஆஃப் அன் ஐ'. 'அபோகலிப்ஸ் நவ்' (1979) படத்தின் தொகுப்பாளர்களில் ஒருவர் அவர். அப்படத்துக்காகச் சுமார் பன்னிரண்டரை லட்சம் அடிப் படச்சுருள், அதாவது 230 மணி நேரத்துக்கு மேற்பட்ட காட்சிகள், எடுக்கப்பட்டன. அத்தனை பெரிய குவியலிலிருந்து தேர்ந்தெடுத்த அனுபவத்துடன் அவர் ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்துகிறார்: உணர்ச்சி 51 விழுக்காடு, கதை 23, லயம் 10, கண் செல்லும் தடம் 7, திரைத் தளத்தின் ஒழுங்கு 5, காட்சி வெளியின் தொடர்ச்சி 4. வகுப்பறையில் முதலில் வரும் இட ஒழுங்கும் தொடர்ச்சியும் இங்கே கடைசியில் நிற்கின்றன.

இந்த எண்களை அளவீடாகக் கொள்வது தவறு. ஒரு கைவினைஞர் தன் முன்னுரிமைகளைச் சொல்லத் தேர்ந்த வடிவம் அது. மற்ற ஐந்தும் சேர்ந்தாலும் உணர்ச்சிக்கு ஈடாகாது என்று அழுத்திச் சொல்லவே 51. செய்தி ஆவணப்படத்திலோ செயல்முறை விளக்கப் படத்திலோ இந்த வரிசை அப்படியே பொருந்தாது. அங்கே தெளிவு முன்னே வந்துவிடும். இந்த வரம்புகளுக்கு உட்பட்டு மர்ச்சின் அவதானிப்பு பயனுள்ளது. 'த கான்வர்சேஷன்' (1974) படத்தைத் தொகுக்கும்போது, தான் வெட்டத் தேர்ந்த கணமும் ஜீன் ஹேக்மன் இமைத்த கணமும் திரும்பத் திரும்ப அருகருகே வருவதை அவர் கண்டார். ஓர் எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது மனிதர் இமைக்கிறார். அந்த எல்லையில்தான் வெட்டும் இயல்பாக விழுகிறது என்பது அவர் கருத்து. இதைப் பொது விதியாக்க முடியாது. ஆனாலும் பாத்திரத்தின் சிந்தனையைப் பின்தொடரும் பழக்கம் உள்ளவருக்கு வெட்டின் இடம் தானே புலப்படும் என்பதற்கு இது சாட்சி.

தமிழில் இதே முன்னுரிமையை நல்ல படங்களிலிருந்து படிக்கலாம். மகேந்திரன் இயக்கி பி. லெனின் தொகுத்த 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தின் இறுதியில் மையப் பாத்திரமான சுந்தரவடிவேலு ஆற்றில் இறங்கும்போது, செயலுக்கு இணையான பாரம் அதைப் பார்த்து நிற்போரின் முகங்களுக்கும் தரப்படுகிறது. ஸ்ரீகர் பிரசாத் தொகுத்த 'அலைபாயுதே' (2000) வரிசையமைப்பின் வலிமையைக் காட்டுகிறது. மனைவியை அழைக்க ரயில் நிலையத்துக்கு வந்த கார்த்திக்கின் காத்திருப்பை முன்னே வைத்ததால், பிறகு வரும் காதல் காட்சிகள் எல்லாவற்றிலும் 'அவள் ஏன் வரவில்லை?' என்ற கவலை கூடவே ஓடுகிறது. காட்சிகள் அவையே, வரிசை மாறியதும் நாம் பார்க்கும் விதமும் மாறிவிட்டது.

6. ஒரு காட்சியை அருகிலிருந்து

இதுவரை சொன்னதை ஒரு பயிற்சிக் காட்சியில் வைத்துப் பார்ப்போம். கூடத்தில் அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். மகள் வந்து நிற்கிறாள். "அப்பா, நான் காலேஜுக்குப் போறதை நிறுத்திட்டேன், ரெண்டு மாசமாச்சு" என்கிறாள். கையில் உள்ளவை மூன்று ஷாட்டுகள்: இருவரும் தெரியும் மாஸ்டர், மகளின் குளோஸ்-அப், அப்பாவின் குளோஸ்-அப்.

புதியவர் பெரும்பாலும் வசனத்தைப் பின்தொடர்ந்து வெட்டுவார். மகள் பேசும்போது மகள். பேசி முடித்ததும் அப்பா. இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் காட்சி செத்திருக்கும். ஏனெனில் 'நிறுத்திட்டேன்' என்ற சொல் காதில் விழுந்த அக்கணமே பார்வையாளர் மனம் அப்பாவிடம் போய்விட்டது. படமோ மகளின் முகத்திலேயே இன்னும் ஒன்றரை விநாடி நிற்கிறது.

'நிறுத்திட்டேன்' முடிந்த சில பிரேம்களில் படத்தை மட்டும் அப்பாவுக்கு மாற்றுங்கள். மகளின் குரல் அவர் முகத்தின் மேல் தொடரட்டும். 'ரெண்டு மாசமாச்சு' என்பதை நாம் இப்போது அவருடைய முகத்தின் வழியே கேட்கிறோம். படம் முன்னே போக, பழைய ஷாட்டின் ஒலி நீளும் இம்முறைக்கு எல் கட் என்று பெயர். அடுத்த ஷாட்டின் ஒலியை முன்கூட்டியே நுழைப்பது ஜே கட். இவை ஒட்டை மறைக்கும் உத்திகளாகவே சொல்லித்தரப்படுகின்றன. கேட்பவரைப் பார்க்கும் உரிமையைப் பார்வையாளருக்குத் தருவதே இவற்றின் முதன்மைப் பயன்.

இனி, அப்பாவின் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது? விநாடிக்கு 24 பிரேம் என்று கொண்டால், 12 பிரேமில் வெளியேறினால் அவர் அதிர்ந்தார் என்ற தகவல் மட்டும் கிடைக்கும். 60 பிரேம் நின்றால், அதிர்ச்சி அடங்கி அவர் ஏதோ கணக்குப் போடத் தொடங்குவதும் தெரியலாம். எது வேண்டும் என்பது காட்சி யாருடையது என்பதைப் பொறுத்தது.

கடைசியாக டம்ளர். மாஸ்டரில் டம்ளர் உதட்டருகே இருக்கிறது. அப்பாவின் மிகச் சிறந்த டேக்கில் அது மடியில் இருக்கிறது. விதியை முதலில் கற்றவர் அந்த டேக்கை ஒதுக்கிவிட்டு, டம்ளர் சரியாக இருக்கும் சுமாரான டேக்கை எடுப்பார். நடிப்பு அங்கேதான் பலியாகிறது. மாஸ்டரிலிருந்து மகளின் குளோஸ்-அப்புக்கும், அதிலிருந்து அப்பாவுக்கும் சென்றால், இடைப்பட்ட நேரத்தில் டம்ளர் கீழே இறங்கியதாகப் பார்வையாளரே எடுத்துக்கொள்வார். நேரடியாக வெட்டினாலும், கண் அவருடைய கண்களில் இருந்தால் டம்ளர் தப்பிவிடும் வாய்ப்பே அதிகம்.

7. எதிர்வாதங்கள்

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராக மூன்று வாதங்கள் எழலாம்.

முதலாவது: விதிகள் மனிதப் புலனுணர்வோடு ஒட்டியவை, ஆகவே அவையே அடித்தளம். செர்மின் இல்திரார், ஸ்டீபன் ஷ்வான் இருவரும் துருக்கியின் மலைக் கிராமங்களில், அதுவரை திரைப்படமே பார்த்திராத பெரியவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. நாம் இயல்பு என்று கருதும் பல வெட்டு முறைகள் அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் தங்களுக்குப் பழக்கமான ஒரு செயல் படிப்படியாக நடக்கும்போது வெட்டுகளைத் தாண்டி எளிதாகப் புரிந்துகொண்டார்கள். விதிகளில் பல பழக்கத்தால் வந்தவை என்பதும், செயலின் தொடர்பு அவற்றைவிட ஆழமானது என்பதும் இதில் தெரிகிறது.

இரண்டாவது: உணர்வு வாய்க்காத புதியவருக்கு விதிதானே கைப்பிடி? இது நியாயமான வாதம். கோடு தாண்டி எடுக்கப்பட்ட உரையாடலில் இருவரும் ஒரே திசையில் பார்ப்பதாகத் தோன்றினால், ஓசுவின் கட்டுப்பாடு இல்லாதபோது பார்வையாளர் குழம்பவே செய்வார். 'லுக்', அதாவது பார்வைத் திசை, தவறிய காட்சியைத் தொகுப்பில் காப்பாற்றுவது கடினம். ஆகவே விதிகளை விலக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு விதியையும் அது காக்கும் கவனத்தோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்பதே கோரிக்கை. காரணம் தெரிந்தவர் தேவைப்படும்போது அதை மீறவும் தெரிந்துகொள்வார்.

மூன்றாவது: இன்றைய வேகத்துக்கு இந்த நிதானம் பொருந்துமா? டேவிட் போர்ட்வெல்லின் கணக்குப்படி, 1930 முதல் 1960 வரையிலான ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் பெரும்பாலும் 8 முதல் 11 விநாடி; நூற்றாண்டின் இறுதியில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கைபேசிக் காணொளிகளில் மூச்சு விடும் இடைவெளியைக்கூட நறுக்கிவிடுகிறார்கள். வேகம் தன்னளவில் குற்றமில்லை. ஆனால் மூச்சை நறுக்கும்போது, பேசுபவர் யோசித்த கணமும் சேர்ந்து போய்விடுகிறது. கேட்பவர் நம்புவதற்கு அந்தக் கணம் பல சமயம் தேவை. எந்த இடைவெளி வெறுமை, எந்த இடைவெளி சிந்தனை என்று பிரித்தறியும் திறன் வேகமான தொகுப்புக்கே கூடுதலாக வேண்டும்.

8. முடிவு: பாடத்தின் வரிசையை மாற்றுவோம்

வரலாறு காட்டுவது, கேள்வி மாறியபோது வெட்டும் மாறியது என்பதை. சோதனைகள் காட்டுவது, கவனம் இருக்கும் இடமே தொடர்ச்சியை உணரவைக்கிறது என்பதை. கைவினைஞர் அனுபவம் காட்டுவது, உணர்ச்சியும் சிந்தனையும் வெட்டின் இடத்தைச் சொல்லித்தருகின்றன என்பதை. மூன்றும் ஒரே திசையில் கைகாட்டுகின்றன.

எனவே தொடக்கப் பாடத்தின் வரிசை மாற வேண்டும். மாணவர் முதலில் ரஷ்ஷை, அதாவது எடுத்த காட்சிகளை, வெட்டாமல் முழுக்கப் பார்க்கட்டும். மனம் எங்கே ஒரு முகத்தை விட்டு இன்னொரு முகத்துக்குப் போக விரும்பியது என்று குறித்துக்கொள்ளட்டும். அடுத்து ஒலியை மூடிப் படத்தை மட்டும் பார்க்கட்டும். படத்தை மூடி ஒலியை மட்டும் கேட்கட்டும். பிறகு ஒரே காட்சியை மகளின் காட்சியாக ஒருமுறையும் அப்பாவின் காட்சியாக ஒருமுறையும் தொகுக்கட்டும். கதை தெரியாத ஒருவருக்கு இரண்டையும் போட்டுக் காட்டி, அவர் பார்வை எங்கே தடுமாறியது என்று கேட்கட்டும். அந்தத் தடுமாற்றங்களைத் தீர்க்கும் கருவிகளாக 180 பாகையும் 30 பாகையும் அசைவில் வெட்டுவதும் அப்போது அறிமுகமாகட்டும்.

சுருளை வெட்டி ஒட்டிய காலத்தில் ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் கை சற்றே தயங்கியது. அந்தத் தயக்கமே ஒரு பள்ளியாக இருந்தது. இன்று ஒரு விசையில் வெட்டலாம், மறு விசையில் திரும்பப் பெறலாம். கருவி தராத தயக்கத்தைப் பாடம்தான் தர வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் 'இப்போது பார்ப்பவர் எதைப் பார்க்க விரும்புகிறார், அதை இப்போதே தருவதா, சற்றுக் காக்கவைப்பதா?' என்று கேட்கப் பழகிய மாணவர், எந்த மென்பொருளிலும் எந்த நீளத்திலும் நல்ல தொகுப்பாளராக வளர்வார்.